டாப்சிலிப் போகலாமா? குழுவில் பேசித் திட்டமிடுவோம்

ஆனைமலை அடிவாரத்தில் இருந்தும் காட்டைப் பார்க்காதவங்க நம்மில் பலர் உண்டு. குழுவாக ஒரு நாள் போய்வர என்ன செய்யணும்?

எப்போது? தென்மேற்குப் பருவமழை குறைந்து காடு பச்சையாக இருக்கும் புரட்டாசி நல்லது. ஐப்பசியில் அடைமழை. எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் ஒரே குட்டைக்கு வராது, புல்லும் மறைக்கும். மான், காட்டுமாடு, யானை கண்ணில் படலாம். புலி தெரியும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது.

எப்படி? பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச் சாவடி வழியாகச் சுமார் 35 கி.மீ. இது 2007-ல் புலிகள் காப்பகமானது. காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் சுற்றணும். அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்க.

பணம்? சேமிப்பையும் கடன் தவணையையும் தொடாதீங்க. வாரம் 20 ரூபாய் தனியே போட்டால், 15 பேருக்கு 20 வாரத்தில் 6,000 ரூபாய். தீர்மானம் எழுதி, தனிக்கணக்கு வையுங்க. கூலிக்குப் போகும் சகோதரிக்கு அன்றைய கூலியும் நஷ்டம். பணமில்லைன்னு ஒருத்தரும் விடுபடக் கூடாது.

காட்டில்: பிளாஸ்டிக் வேண்டாம். குரங்குக்குத் தீனி போடாதீங்க. வழியில் இறங்காதீங்க. யானை நின்றால் சத்தம் போடாமல் காத்திருங்க.

கூட்டத்தில் பேச:
1. வேன் வாடகை எவ்வளவு? இரண்டு இடத்தில் விசாரித்தோமா?
2. பணம் கட்ட முடியாதவருக்கு என்ன வழி?
3. வீட்டில் குழந்தைகளை, மாடுகன்றை யார் பார்ப்பாங்க?