செடியைப் பார்க்கச் சம்பளமா?

குற்றாலத்தில் பி.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். தாவர செல் ஆய்வாளர் ஆக ஆசை. "செடியைப் பார்க்க யார் சம்பளம் தருவா?" என்கிறார் அப்பா. என்ன சொல்வது?
– ஒரு வாசகி, தென்காசி

அரசாங்கமே தரும் என்று சொல்லுங்கள். எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால், பிஎச்.டி. படிக்கும்போதே முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், வாழைக்கன்று உருவாக்கும் திசு வளர்ப்புக் கூடங்களில் வேலை இருக்கிறது. வேதியியலை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். செல்லுக்குள் நடப்பதில் பாதி அதுதான்.

தாவர செல் ஆய்வாளர் ஜானகி அம்மாளின் கதையையும் அப்பாவிடம் சொல்லுங்கள். தலச்சேரியில் பிறந்தவர். 1930-களில் கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பிறகு இங்கிலாந்து போய், அங்கிருந்த ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் பயிர்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். 1977-ல் பத்மஸ்ரீ. கடைசிவரை ஆராய்ச்சியை விடவில்லை.

அதற்கும் மசியவில்லையா? குளத்திலிருந்து ஹைட்ரில்லா கொடி ஒன்றை எடுத்துப்போய், அதன் இளம் இலையை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து கல்லூரி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். சாயம் தேவையில்லை. ஒவ்வொரு செல்லிலும் பச்சை மணிகள் சுவரோரமாக வரிசை கட்டி ஊர்ந்து சுற்றும், குற்றால சீசன் கூட்டம் மாதிரி. விளக்குச் சூடு பட்டால் இன்னும் வேகம். பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, அப்பாவையும் ஒருநாள் லென்ஸில் கண் வைக்கச் சொல்லுங்கள்.