மாயமற்ற என்றால் என்ன?



ஆங்கில வேதாகமத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற நம் வாலிபர்கள் அடிக்கடி கேட்கிற சந்தேகம் இது. 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், காத் ஊர் ராஜாவுக்குப் பயந்து தாவீது பித்தனைப்போல் நடித்த இடத்தில் (1 சாமுவேல் 21:13) ‘ஃபெயின்’ என்ற வார்த்தை வருகிறது. 2 தீமோத்தேயு 1:5-ல் ‘மாயமற்ற விசுவாசம்’ என்று நாம் வாசிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே வார்த்தைதான், ‘அன்ஃபெயின்ட்’. இரண்டும் ஒன்றா?

மூலத்தில் ஒன்றல்ல. எபிரெயுவில் பைத்தியம் என்கிற சொல்லே அங்கே வினையாக நிற்கிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லோ நாடக மேடையிலிருந்து வந்தது. வேஷம் கட்டி ஆடுகிறவனுக்கு வழங்கிய பெயரே மாயக்காரனுக்கும் ஆயிற்று. வேஷம் கட்டாத விசுவாசம் என்கிறார் பவுல்.

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் லத்தீன் ‘ஃபிங்கெரே’. களிமண்ணைப் பிசைந்து உருவம் கொடுப்பது என்று அர்த்தம், குயவன் வேலைதான். கற்பனைக் கதையைச் சொல்லும் ‘ஃபிக்‌ஷன்’ அதே குடும்பம். பிரெஞ்சு வழியாக வந்த ‘ஃபெயின்ட்’ என்பது எதிரியை ஏமாற்றக் காட்டும் பொய்த் தாக்குதல்.

யுத்தத்தில் நடிப்பு என்றால் நம் ஊரே சாட்சி சொல்லும். 1752 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் இருந்தது, கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில். பிரெஞ்சுக்காரர் ராத்திரியில் அனுப்பிய படையில், ஆங்கிலப் படையை விட்டு ஓடிவந்தவர்களும் இருந்தார்கள். “லாரன்ஸ் துரை அனுப்பின உதவிப்படை நாங்க” என்று இங்கிலீஷில் சொன்னதும் காவல்காரன் விட்டுவிட்டான்! வெடிச்சத்தம் கேட்டு எழுந்த கிளைவ், எதிரியின் சிப்பாய்களைத் தன்னுடையவர்கள் என்று நினைத்து அதட்டினாராம். ஆனாலும் அன்றைக்கு அவரே ஜெயித்தார். ஜூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது.

இன்னொன்று எனக்கு ஆச்சரியமாயிருந்தது. மயங்கி விழுவதற்கு நாம் சொல்லும் ‘ஃபெயின்ட்’டும் இதே வேரிலிருந்துதான். முதலில் போலியானது என்று பொருள், பிறகு கோழைத்தனமானது, பலவீனமானது, அதன்பின்தான் மயக்கம். நடிப்பும் மயக்கமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! பார்த்தமாத்திரத்தில் பிரித்துச் சொல்ல நம்மால் முடிகிறதா?

திருச்சியில் ஒரு உபவாசக் கூட்டத்தில் ஒரு அம்மா சுருண்டு விழுந்தார்கள். “எல்லாம் நடிப்பு” என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார்கள், பாவம். கண் திறந்த பிறகு, முணுமுணுத்தவரே ஓடிப்போய் வெல்லத்தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார்.