எண்ணெய்ப் பிசுக்கும் ஏரி நீரும்

நீர் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்காது. சாம்பலிலுள்ள காரம் பிசுக்கின் ஒரு பகுதியைச் சோப்பாக மாற்றும். ஆதலால் நம் முன்னோர் சாம்பலால் பாத்திரம் துலக்கினர். கடைத் திரவம் விரைந்து தூய்மை செய்யும். ஆயினும் அது கழிவுநீரோடு ஏரியை அடையும். 2015ஆம் ஆண்டு பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரி நுரை சாலையில் பறந்தது. நம் சந்தாபுரா ஏரியைக் காக்கத் தவறியமைக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. எனவே, பிசுக்கை முதலில் தாளால் துடைத்தெடுப்போம். பின் வெந்நீரில் சிறிதளவே திரவம் இட்டுத் துலக்குவோம்.

சொற்பொருள்: துலக்குதல் – தேய்த்துத் தூய்மையாக்குதல்.

வினாக்கள்
1. சாம்பல் பிசுக்கை நீக்குவது எவ்வாறு?
2. சொந்த ஊரில் எதனால் பாத்திரம் துலக்கினர் எனப் பாட்டியிடம் கேட்டு எழுதுக.