சிறு தொழில்களும் காலந்தாழ்ந்த பட்டுவாடாவும்

விற்ற சரக்கின் விலை கைக்கு வருமுன் கூலி நாளும் கடன் தவணையும் வந்துவிடுவதே சிறு தொழில்களின் இடர்ப்பாடாகும். திருவனந்தபுரத்தில் ஒரு சிறு பட்டறை, பெரிய நிறுவனமொன்றுக்கு உதிரிப் பாகங்கள் வழங்குவதாகக் கொள்வோம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையெனில் சரக்கை ஏற்ற 15 நாட்களுக்குள்ளும், இருப்பின் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் பணம் தரப்படல் வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். அவ்விகிதம் 6 சதவீதமெனில், 1 லட்சம் ரூபாய்க்கு ஓராண்டு வட்டி ஏறத்தாழ 19,560 ரூபாயாகும். வசூலாகாத தொகைக்கு மாநில அரசு அமைத்துள்ள மன்றத்தில் முறையிடலாம். அதன் தீர்ப்பை எதிர்க்க விரும்பும் கொள்முதலாளர், தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகச் செலுத்த வேண்டும்.

எனினும், முறையிட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்குமோ என்ற அச்சம் பட்டறையாளரைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2011-இல் நிறுவனங்களுக்கிடையே 60 நாள் வரம்பு விதித்தது. ஆனால் இரு தரப்பினரும் வெளிப்படையாக உடன்பட்டால் அவ்வரம்பை நீட்டிக்கலாம். வலியவர் கேட்கும்போது மெலியவர் எவ்வாறு மறுப்பார்?

இங்கு 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வேறு வழியை நாடியது. குறு, சிறு தொழில்களுக்கு உரிய காலத்தில் தரப்படாத தொகையை, அது உண்மையில் செலுத்தப்பட்ட ஆண்டில் மட்டுமே கொள்முதலாளர் தம் வருமானக் கணக்கில் செலவாகக் கழிக்க இயலும். இதற்கு எவரும் முறையிடத் தேவையில்லை. அச்சமுற்றவருக்கும் பயன் தருவதே இவ்விதியின் சிறப்பாகும். ஆயினும், விதிக்கு உட்படாத நடுத்தர நிறுவனங்களைக் கொள்முதலாளர் நாடக்கூடும் என்பதை அலுவலர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும்.