பயோடீசல் ஊற்றும் முன் இரண்டு ஃபில்டர் வாங்குங்கள்

என் பழைய பிக்கப்பில் முதன்முதலாக பயோடீசல் ஊற்றி ஒரு வாரம் எல்லாம் சுகமாகத்தான் போனது. புகை குறைந்தது. பிறகு ஒரு மேட்டில் வண்டி இழுவை விட்டது. மிதிக்க மிதிக்கத் திணறி, நின்றேவிட்டது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி கசடு. விற்றவரிடம் சண்டைக்குப் போகாத குறைதான். ஆனால் தப்பு அவருடையதல்ல. வருஷக்கணக்கில் டேங்க் அடியில் படிந்திருந்த டீசல் அழுக்கை பயோடீசல் கரைத்துக் கிளப்பியிருந்தது. அதன் சுபாவம் அப்படி.

பயோடீசல் வேறு, வடைச் சட்டி எண்ணெய் வேறு. எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகு கிடைப்பதுதான் பயோடீசல். சமையல் எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றினால், டீசலைவிடப் பத்து மடங்குக்குக் குறையாமல் பிசுக்கான அது நாசிலை அடைத்துவிடும். வீட்டிலேயே காய்ச்சிவிடலாம் என்று வீடியோ பார்த்து இறங்காதீர்கள். மெத்தனால் என்ன செய்யும் என்பதைக் கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போது ஐ.எஸ். 15607 தரச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். பயோடீசல் என்ற பெயரில் கண்ட கண்ட எண்ணெயையும் விற்பவர்கள் இருக்கிறார்கள். கையோடு ஒரு சோதனையும் செய்யலாம். கண்ணாடி பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் இரண்டும் தெளிவாகப் பிரிந்தால் நல்லது. நடுவில் மோர் போல வெள்ளையாக நின்றால் அதில் சோப்பு இருக்கிறது, அல்லது எண்ணெய் சரியாக மாறவில்லை. இந்தச் சோதனையில் தேறினாலும் அறிக்கை வேண்டாம் என்று ஆகிவிடாது.

அடுத்து வண்டியின் மேனுவலைப் பாருங்கள். இந்தியாவில் சாதாரண டீசலிலேயே 7% வரை பயோடீசல் கலக்க அனுமதி உண்டு. அந்த அளவுக்குப் பயமில்லை. பி.எஸ்.6 வண்டிக்காரர்கள் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டவே வேண்டாம். புகைவடிகட்டியைச் சுத்தம் செய்ய அந்த வண்டிகள் கூடுதலாக டீசல் பீய்ச்சும். அப்போது எளிதில் ஆவியாகாத பயோடீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்க வைத்துவிடும். பழைய வண்டியென்றால் ரப்பர் ஹோஸ்தான் கவலை. இயற்கை ரப்பரும் நைட்ரைலும் நாளடைவில் உப்பி, இளகிவிடும். விட்டான் (Viton) ரப்பர் ஹோஸாக மாற்றிக்கொள்ளுங்கள். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகரம் எதுவும் இதற்கு ஆகாது. சேமிக்கும் கேனும் அப்படி இருக்கக் கூடாது.

பிறகு, 5 சதவீதத்தில் தொடங்குங்கள். இரண்டு மூன்று டேங்க் ஓடியதும் 10, அப்புறம் 20. அதற்கு மேல் போவதை நான் சொல்ல மாட்டேன். பயோடீசல் டீசலைவிடக் கனம். காலி டேங்கில் அதை முதலில் ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும். பாதி டீசல், அதன் மேல் பயோடீசல், மறுபடி டீசல் என்று ஊற்றினால் தானாகக் கலக்கும். மாற்று ஃபில்டர் ஒன்று எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். முதல் ஃபில்டர் அடைத்தால் பதறாதீர்கள். இரண்டாவதும் அடைத்தால் டேங்கை இறக்கிக் கழுவுங்கள்.

இத்தனை பாடு எதற்கு? பயோடீசலில் கந்தகம் ஏறக்குறைய இல்லை. கந்தகம் எடுத்த இன்றைய டீசலுக்கு வழவழப்புக் குறைவு. 2% பயோடீசல் சேர்ந்தாலே பம்புக்கு அது திரும்பக் கிடைக்கிறது. எரிபொருளுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கரியும் கார்பன் மோனாக்சைடும் குறையும். நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் சற்றுக் கூடலாம். சட்டென்று தீப்பிடிக்காது என்பதால் கேனில் வைத்திருக்கவும் பயம் குறைவு. மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: முழு பயோடீசலில் லிட்டருக்கு 8% போல சக்தி குறைவு, 20% கலவையில் அது கண்ணுக்கே தெரியாது.

ஆறு மாதத்துக்கு மேல் சேமிக்க வேண்டாம். தண்ணீரை இழுத்துப் பூஞ்சை பிடித்துக் கெடும். பாமாயிலில் செய்தது ஊட்டிக் குளிரில் நெய் போல உறையும். மலைக்குப் போகும்போது வெறும் டீசலே போடுங்கள். ஊற்றும்போது சிந்தினால் அப்போதே துடைத்துவிடுங்கள். என் பிக்கப்பில் டேங்க் மூடிக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் உரிந்து கிடக்கிறது.