டிசம்பரில் வழியும் பெட்ரோல்

அன்புத் தம்பிக்கு,

மருந்தடிக்கும் மிஷினில் பெட்ரோல் வழிவதைப் பற்றி நீ அச்சடித்துக் கொடுத்துவரும் தாள் பங்காருபாளையம் வரை போய்விட்டது. அங்கிருந்து ஒரு தோப்புக்காரர் ஸ்ப்ரேயரோடு அதையும் மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்தார். வாங்கிப் படித்தேன். இரண்டாம் பக்கத்தை அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியவில்லை.

‘நீடில் ஒழுகினால் கார்ப்பரேட்டரையே மாற்றிவிடுவது நல்லது’ என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது. கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, பெட்ரோல் வரும் வழியை மூடுகிற நீடிலின் முனையையும் அது போய் உட்காரும் இடத்தையும் துடைத்தாலே பாதி மிஷின்களில் ஒழுக்கு நின்றுவிடும் என்று உனக்குத் தெரியும். தெரிந்த நீயே இப்படி எழுதலாமா? புதிது போட்டால் அன்றைக்கு நிற்கும். அடுத்த பூப்பருவத்தில் அதே மிஷின் அதே ஒழுக்கோடு திரும்பி வரும்.

ஏன் வரும் என்பதுதான் உன் தாளில் இல்லை. சித்தூர்ப் பக்கத்து ஸ்ப்ரேயர் வருஷம் முழுக்க ஓடுகிற மிஷின் இல்லை. மாமரம் பூவெடுக்கும் டிசம்பர், ஜனவரியில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். காய் பிடித்தபின் இன்னும் சில தடவை. அதோடு மிஷின் கொட்டகை மூலைக்குப் போகிறது. தோத்தாபுரி அறுவடை, தாமலசெருவு மண்டி, மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர் வரிசை என்று அலைகிற மனிதனுக்குக் கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோல் எங்கே நினைவிருக்கும்? அது மாதக்கணக்கில் வற்றிப் பிசினாகி நீடிலைச் சுற்றிப் படிகிறது. டிசம்பரில் டேங்கை நிரப்பிக் கயிற்றை இழுத்தால் நீடில் முழுசாக மூடாது. டிசம்பரில் வழிகிற பெட்ரோலுக்குக் காரணம் கோடையிலேயே உட்கார்ந்துவிட்டது.

இப்போது எத்தனாலும் சேர்ந்துவிட்டது. 2022இல் பெட்ரோலில் 10 சதவீதம், 2025இல் 20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் அதையும் சேர்த்துக்கொண்டு பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்தின் உலோகம் அதில் அரித்து, வெள்ளையாகப் பொரிந்து, அந்தத் துகளே நீடிலுக்கடியில் போய் மாட்டும். பழைய எஞ்சினின் ரப்பரும் ஊதிக்கொள்ளும். ஆகவே தாளின் முதல் வரியாக இதைப் போடு: வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடு, எஞ்சினைத் தானாக அணையும்வரை ஓடவிடு, கிண்ணத்தடி திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடி. இதைச் செய்கிறவனுக்கு மற்ற மூன்று பக்கம் அநேகமாகத் தேவைப்படாது.

இன்னொன்று, இதைவிடப் பெரிய குறை. ஆயிலைப் பார்க்கச் சொல்லாமல் விட்டிருக்கிறாய். ஏர் ஃபில்டர் பக்கம் வழிந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். எஞ்சின் பக்கம் இறங்கினால் தெரியாது. இன்டேக் வால்வு திறந்தபடி நின்றிருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்குள் போய், ரிங்கைத் தாண்டி, ஆயிலில் கலந்துவிடும். டேங்க் மேலே, கார்ப்பரேட்டர் கீழே. டேப்பைத் திறந்துவைத்து ஆட்டோவில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனாலோ, ராத்திரி அப்படியே விட்டாலோ டேங்க் முழுக்க இறங்கலாம். ஜிஎக்ஸ் 160 மாடல் எஞ்சினில் ஆயில் மொத்தமே 0.6 லிட்டர்தான். அதில் ஒரு டம்ளர் பெட்ரோல் கலந்தால் என்ன மிஞ்சும்? ஒழுக்கை மட்டும் நிறுத்தி அந்த ஆயிலோடேயே ஓட்டினால் கனெக்டிங் ராடு பிடித்துக்கொள்ளும். ஆயில் ஸ்டிக்கை எடுத்து மோந்து பார், அளவு ஏறியிருந்தால் ஆயிலை மாற்று என்று பெரிய எழுத்தில் போடு.

ஒரு பழைய நினைவு. நான் தொழில் கற்ற பட்டறையில் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் பம்ப்செட்டுகள்தான் அதிகம் வரும். கிண்ணத்தில் மிதந்து நீடிலை மூடவைக்கும் ஃப்ளோட் அப்போது பித்தளை. ஓட்டை விழுந்தால் எண்ணெய் உள்ளே ஏறி, கனம் கூடி, மிதக்காது, நீடிலையும் மூடாது. சுடுதண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டை. எல்லோரும் ஈயத்தை வைத்து அடைத்துத் தருவார்கள், மறுபடி ஒழுகும். எங்கள் உஸ்தாத் மட்டும் அடைத்தபின் ஈயத்தை அரத்தால் ராவி, பக்கத்துத் தட்டானிடம் தராசு வாங்கி, நல்ல ஃப்ளோட் ஒன்றோடு நிறுத்துப் பார்ப்பார். ஈயத்தின் கனத்திலேயே ஃப்ளோட் தாழும், பெட்ரோல் மட்டம் ஏறும் என்று அவருக்குத் தெரியும். அவர் எந்தப் பாலிடெக்னிக்குக்கும் போனதில்லை. நிறுத்துப் பார்க்காத ஃப்ளோட் எதுவும் அந்தப் பட்டறையை விட்டு வெளியே போனதுமில்லை.

அவரை நினைக்க வைத்ததும் உன் தாள்தான். மூன்றாம் பக்கத்தில் நீடில் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொல்லி, ரப்பரில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் துடைத்துப் பிரயோஜனமில்லை, நீடிலை மட்டும் மாற்று என்று எழுதியிருக்கிறாயே, அபாரம்! அந்தத் தடம் நகத்தில் எப்படித் தட்டுப்படும் என்று நீ சொல்லியிருக்கும் விதத்தில் எழுதிய பாடம் எதையும் நான் படித்ததில்லை. இப்படிப் பார்க்கத் தெரிந்த கை இந்த ஜில்லாவிலேயே அபூர்வம். அதனால்தான் அந்த இரண்டாம் பக்கம் என்னை அவ்வளவு உறுத்துகிறது.

உன் தாளில் புல் வெட்டும் பிரஷ் கட்டர் பகுதியில் டயாஃப்ரம் லீவர் உயரம் பற்றி எழுதியது போதும். டேங்க் மூடியின் காற்றுத் துளையை மட்டும் சேர்த்துக்கொள். அது அடைபட்டு, மே மாத வெயிலில் மிஷின் கிடந்தால், டேங்கில் அழுத்தம் ஏறி நல்ல நீடிலையும் தள்ளித் திறக்கும். திருப்பதிப் பக்கத்திலிருந்து வரும் கட்டர்களில் இதை நிறையப் பார்க்கிறேன்.

திருத்தியதும் தெலுங்கிலும் ஒரு பிரதி அடி. மருந்தடிக்கிற பையன்கள் நம்மோடு தமிழில்தான் பேசுவார்கள், படித்தது தெலுங்கு மீடியம். கயிற்றை இழுப்பதும் டேப்பை மூட மறப்பதும் அவர்கள்தான். பூவெடுக்கும் முன் தாள் அவர்கள் கைக்குப் போயாக வேண்டும். எனக்கு நூறு பிரதி அனுப்பு, அச்சுக் காசை நான் தருகிறேன்.

அன்புடன்,
சித்தூர் பட்டறையிலிருந்து
உன் அண்ணன்