சேம்பும் பாப்ரிகா மிளகாயும்
நிலத்திற்கேற்ற பயிரைத் தெரிந்தெடுக்கும் முறை

நெல்லுக்கு மாற்றாகப் பணப்பயிர் ஒன்றை வைக்க விரும்பும் விவசாயி முதலில் சந்தை விலையை விசாரிப்பது வழக்கம். விலைக்கு முன்னர் விசாரிக்க வேண்டியது, பெருமழைக்குப் பின் தம் நிலத்தில் நீர் எத்தனை நாழிகை தங்குகிறது என்பதாம். இதனைக் கவனியாது பயிரிட்டு முதலை இழந்தவர் அநேகர். ஈரத்தை விரும்பும் சேம்பையும், ஈரம் மிகுந்தால் மடியும் பாப்ரிகா மிளகாயையும் ஒப்பிட்டு நோக்கின் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

பயிர்களின் இயல்பு

சேம்பு, சேப்பங்கிழங்கு எனப்படுவது தென்கிழக்கு ஆசியாவுக்கும் இந்தியாவுக்கும் உரிய தொன்மையான கிழங்குப் பயிர். நடுவில் ஒரு தாய்க்கிழங்கும், அதனைச் சூழ்ந்து பல பக்கக் கிழங்குகளும் உண்டாகும். பசிபிக் தீவுகளில் தாய்க்கிழங்கு பெருக்கும் ஜாதிகளையும், நம் நாட்டில் பெரும்பாலும் பக்கக் கிழங்கு மிகுதியாக விடும் ஜாதிகளையும் பயிரிடுகின்றனர்.

பாப்ரிகா என்பது காரம் குறைந்து, செந்நிறம் மிகுந்த வற்றல் மிளகாய்க்கும் அதன் பொடிக்கும் ஹங்கேரி நாட்டார் வழங்கிய பெயர். மிளகாயின் தாயகம் மெக்சிகோ பிரதேசம். கொலம்பஸின் பயணத்திற்குப் பின் அது ஐரோப்பாவை அடைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஹங்கேரியில் செகெட், கலோச்சா ஆகிய ஊர்கள் பாப்ரிகாவுக்குப் பேர்பெற்றவை. செகெட்டில் பணியாற்றிய ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி என்னும் அறிஞர், வைட்டமின் சி சத்தைப் பாப்ரிகாவிலிருந்து ஏராளமாகப் பிரித்தெடுத்தார். அவருக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் இவ்வகையைச் சேர்ந்தது கர்நாடகத்தின் ஹாவேரி ஜில்லாவில் விளையும் பேடகி மிளகாய். இராமநாதபுரம் முண்டு மிளகாய் காரத்திற்காக வாங்கப்படுவது. அதனைப் பாப்ரிகாவுடன் சேர்த்து எண்ணலாகாது.

நிலமும் நீரும்

சேம்புக்கு மக்கு மிகுந்த, ஈரம் காக்கும் பொறைமண் ஏற்றது. சற்றே புளிப்புள்ள மண்ணிலும் அது செழிக்கும். வாய்க்கால் ஓரமும், தென்னை வாழைத் தோட்டங்களின் இடைநிழலும் அதற்குப் பொருந்தும். ஓடும் நீரில் சேம்பு தாழ்வின்றி வளரும். ஹவாய்த் தீவுகளில் வயலில் குளிர்ந்த நீரை ஓடவிட்டே பயிரிடுகின்றனர். ஆயினும் தேங்கிச் சூடேறிய நீரில் கிழங்கு அழுகும். மண் காய்ந்தாலோ கிழங்கு சிறுத்து உருவம் கெடும்.

பாப்ரிகாவுக்கு வடிகால் வசதியுள்ள செம்மண் கலந்த பொறைமண்ணோ, வடிகால் அமைந்த கரிசலோ வேண்டும். மண்ணில் புளிப்பும் உவர்ப்பும் மிகலாகாது. 20 முதல் 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலை மிக நன்று. கடும் வெப்பத்தில் பூ உதிரும். நீர் ஓரிரு நாள் தேங்கினாலும் வேர் மூச்சின்றிச் செடி வாடும். அவ்வாட்டத்தை நீர்க்குறைவு என்று கருதி மீண்டும் நீர் பாய்ச்சுவோர் உளர். அது பயிரை முற்றிலும் அழிப்பதாகும்.

ஆகையால் சேம்பு வயலுக்குக் கீழ்ப்புறத்தில் மிளகாய் வைப்பது தகாது. மேல்வயலில் இருவாரந்தோறும் பாயும் நீர் கசிந்து கீழ்வயலில் இறங்கும். இருவேறு சொந்தக்காரருடைய நிலமாயின் வழக்கிற்கும் இடமாகும். இரண்டுக்கும் இடையே மேல்வயலின் அடிமட்டத்தினும் ஆழமான வடிகால் ஒன்று வெட்டி, அதனைப் பொதுக்கால்வாயில் சேர்த்தல் வேண்டும். பயிர் வைக்குமுன் இதனைப் பேசி முடிவு செய்யக் கிராம அதிகாரிகள் உதவினால் பின்னர் வரும் மனஸ்தாபம் நீங்கும்.

விதையும் நடவும்

இரண்டு பயிர்களையும் 60 சென்டிமீட்டர் வரிசை இடைவெளியிலும், வரிசையில் 45 சென்டிமீட்டர் இடைவெளியிலும் நடலாம். அவ்வாறு நட்டால் ஏக்கருக்குச் சுமார் 15,000 செடிகள் நிற்கும். எனினும் விதையின் அளவில் பெரும் வேற்றுமை உண்டு. பாப்ரிகாவுக்கு ஏக்கருக்கு 400 கிராம் விதை போதும். சேம்புக்கு 25 முதல் 35 கிராம் எடையுள்ள பக்கக் கிழங்குகள் ஏறக்குறைய 450 கிலோ வேண்டும். முதல் ஆண்டில் விதைக்கிழங்கே பெருஞ்செலவாகும். மறு ஆண்டு முதல் சொந்த விளைச்சலிலிருந்து நோயற்ற கிழங்குகளைப் பிரித்து, காற்றோட்டமுள்ள நிழலில் மணலின்மேல் பரப்பி வைத்தால் அச்செலவு குறையும்.

பாப்ரிகா விதையை நாற்றங்காலில் பாவி, 40 முதல் 45 நாள் வயதான நாற்றைப் பிடுங்கி நடவேண்டும். இதன் விதையில் ஒரு சூட்சுமம் உண்டு. மிளகாய்ப் பூவில் தேனீயும் பிற பூச்சிகளும் அயல் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும். பக்கத்து வயலில் காரமிளகாய் இருந்தால் இவ்வாண்டின் பழம் காரமாகிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். இவ்வாண்டின் பழத்திற்குக் கேடில்லை. அதன் விதையை எடுத்து மறு ஆண்டு விதைத்தால் செடிக்குச் செடி காரமும் நிறமும் வேறுபடும். சான்று பெற்ற விதை உற்பத்திக்கு வேறு ஜாதி மிளகாயிலிருந்து 200 மீட்டர் தொலைவு விதிக்கப்பட்டிருப்பது இதனாலேயே. அத்தொலைவு கிடைக்காதவர் ஆண்டுதோறும் நம்பத்தக்க இடத்தில் விதை வாங்குவதே இலாபம்.

எருவும் பாதுகாப்பும்

சேம்புக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு எருவும், மிளகாய்க்கு 10 டன்னும் அடியுரமாக இடலாம். கிழங்கு திரளச் சாம்பல் சத்து இன்றியமையாதது. மிளகாய்க்குத் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் இலை பெருகிப் பூப்பது தாமதமாகும். சேம்புக்கு நட்டவுடன் சருகு மூடாக்கு இடுவதும், முளைத்த முதல் இரு மாதங்களில் களை எடுத்து மண் அணைப்பதும் கிழங்கைப் பெருக்கும்.

சேம்பின் பெரும்பகை இலைக்கருகல் நோய். மழையும் குளிர்ந்த இரவும் சேரும்போது இலையில் நீர்க்கசிவான சிறு புள்ளிகள் தோன்றி, வட்டவட்டமாகப் படர்ந்து, சில நாட்களில் இலை முழுவதும் சரியும். 1993-ல் சமோவாத் தீவில் இந்நோய் புகுந்து சேம்புப் பயிரை அழித்தது. ஏற்றுமதி விரைவில் ஏறக்குறைய நின்றே போயிற்று. பெரும்பாலும் ஒரே ஜாதியை எங்கும் நட்டிருந்தது அந்நஷ்டத்திற்குப் பெருங்காரணம். ஒரு கிராமத்தில் இரண்டு மூன்று ஜாதிகளைக் கலந்து வைப்பது விவேகம்.

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் முரணைச் சிலந்தியையும் ஐயுற வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. அடையாளம் அறியாது தெளிப்பது வீண். 2021-ல் தெலுங்கானா, ஆந்திரப் பகுதிகளில் புதுவகை இலைப்பேன் பூவைத் தாக்கிப் பெருஞ்சேதம் விளைத்தது. எனவே பூவையும் உதறிப் பார்த்தல் அவசியம்.

அறுவடையும் பக்குவமும்

சேம்பு 5 முதல் 7 மாதங்களில், இலை மஞ்சளித்து வாடியபின், ஒரே முறையில் வெட்டப்படும். நல்ல சாகுபடியில் ஏக்கருக்கு 4 முதல் 6 டன் கிழங்கு கிடைக்கும். வெட்டிய கிழங்கை நெடுநாள் வைத்திருக்க இயலாதாகையால் சந்தை அருகில் இருத்தல் நலம்.

பாப்ரிகாவைப் பழம் முழுதும் சிவந்து, செடியிலேயே சற்று வாடத் தொடங்கியபின் பறிக்க வேண்டும். பறிப்பு பலமுறை நடக்கும், கூலி மிகும். 4 முதல் 5 கிலோ பழம் காய்ந்து ஒரு கிலோ வற்றலாகும். மண் தரையில் உலர்த்தாது, சுத்தமான களத்திலோ தார்ப்பாயிலோ பரப்பி, இரவில் பனி படாது மூட வேண்டும். விற்பனைக்கு முன் எடைக்காகவும் மினுமினுப்புக்காகவும் நீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். அவ்வீரத்தில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். வற்றல் முழுவதும் திருப்பி அனுப்பப்படும். சாயம் கலப்பது அதனினும் கேடு. 2003-ல் சூடான் என்னும் சாயம் மிளகாய்ப்பொடியில் கண்டறியப்பட்டபின் ஐரோப்பிய நாடுகள் சோதனைச் சான்றின்றி மிளகாயை ஏற்க மறுத்தன. சிலருடைய குற்றத்தின் பாரம் நேர்மையான விவசாயிகள் மீதும் விழுந்தது.

பயன்கள்

சேப்பங்கிழங்கின் மாவுச்சத்து மிக நுண்ணிய மணிகளால் ஆனது, எளிதில் ஜீரணிக்கும். வறுவலுக்கும் புளிக்குழம்பிற்கும் நம் இல்லங்களில் அதனைப் பயன்படுத்துவர். குஜராத்தில் இலையில் கடலைமாவு தடவிச் சுருட்டி ஆவியில் வேகவைப்பர். ஹவாயில் கிழங்கை மசித்துக் கூழாக உண்பர். பச்சைக் கிழங்கிலும் இலையிலும் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் உள்ளமையால் நாவும் தொண்டையும் அரிக்கும். நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

பாப்ரிகா வயிற்றை நிரப்பும் உணவன்று. உணவுக்கு நிறமும் மணமும் ஊட்டுவது. அதன் செந்நிறப் பொருளைச் சாறாகப் பிரித்து உணவுப்பண்டங்களுக்கும் உதட்டுச் சாயத்திற்கும் சேர்க்கின்றனர். நிறத்தின் அளவைச் சோதித்தே வியாபாரி விலை கூறுவான். வெயிலிலும் வெளிச்சத்திலும் நெடுநாள் கிடந்த வற்றல் வெளிறி விலை இழக்கும்.

முடிவுரை

ஒருவர்க்கு வாய்க்காலடியில் ஓர் ஏக்கரும், மேட்டில் ஓர் ஏக்கரும் இருப்பின் தாழ்வில் சேம்பும், மேட்டில் பாப்ரிகாவும் வைப்பது முறை. மிளகாய் விலை வீழ்ந்த ஆண்டில் கிழங்கு வீட்டையும் ஆளையும் காக்கும். சேம்பு குறைந்த ஆண்டில் வற்றலைச் சேமித்து விலை பார்த்து விற்கலாம். தாழ்நிலம் மட்டும் உடையவர் விலையைக் கண்டு மிளகாய்க்கு ஆசைப்படலாகாது. முதன்முறை பாப்ரிகா வைப்பவர் வாங்குவோரை முன்னரே உறுதி செய்துகொண்டு, 25 சென்டில் தொடங்குவது நன்று.

பயிர் இன்னதென்றும், விதைத்த நாள் இன்னதென்றும் அடங்கலில் தவறின்றிப் பதியச் செய்தல் வேண்டும். வெள்ளத்தாலோ நோயாலோ சேதம் நேர்ந்து நிவாரணம் கோரும்போது அப்பதிவே ஆதாரமாகும்.